திறந்த வாசலில் காத்திருப்பவர்கள்

எங்கள் தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை அறியாத தமிழர் இருக்க முடியாது. ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த வள்ளல் அவன். பள்ளிப் பாடம் அந்த நெல்லிக்கனியோடு நின்றுவிடுகிறது. புறநானூற்றை இன்னும் கொஞ்சம் புரட்டினால், 206-ஆம் பாட்டில், அதே ஔவையார் அதே அதியமானுடைய வாசலில் காத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். வந்து நாளாகிவிட்டது, பரிசில் வரக் காணோம். அவர் அரசனிடம் முறையிடவில்லை. வாயிற்காவலனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்கிறார். 'உன் அரசனுக்குத் தன்னைத் தெரியவில்லையா, என்னைத் தெரியவில்லையா? யாழையும் மூட்டையையும் கட்டியாயிற்று. எங்கே போனாலும் எங்களுக்குப் பிழைப்பு உண்டு' என்கிறார். எவ்வளவு ரோஷம்!

இந்தப் பாட்டில் எனக்கு எப்போதும் வியப்பளிக்கிற விஷயம் அந்த ரோஷம் அல்ல. அந்த வாசல் மூடிக் கிடந்ததாக ஔவையார் சொல்லவில்லை. பரிசில் கேட்டு வருகிறவர்களுக்கு ஒருநாளும் அடைக்காத வாசல் என்றுதான் சொல்கிறார். வாசல் திறந்திருக்கிறது, ஆனாலும் வந்தவர் வந்தபடியே நிற்கிறார். மூடிய கதவைத் தட்டலாம், திட்டலாம், உடைக்கக்கூடச் செய்யலாம். திறந்த கதவுக்கு முன்னால் நிற்பவர் என்ன செய்வார்?

அதியமானுக்கு அநியாயம் செய்யக் கூடாது. அவன் பிறகு கொடுத்திருக்கிறான். ஒரு நாள் போனாலும், பல நாள் போனாலும், பலரோடு போனாலும், முதல் நாள் போலவே அன்பு காட்டுகிறவன் என்று ஔவையாரே வேறொரு பாட்டில் சொல்லியிருக்கிறார். ஆகையால் தகடூர்க்காரர்களாகிய நாங்கள் தலை குனிய வேண்டியதில்லை. அந்தத் திறந்த வாசல் மட்டும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. சமீப காலத்தில் அது அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

பாடுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவே ஒரு வாயிற்காவலன் இல்லாத காலம் எது? அரசன் போனான், ஜமீன்தார் வந்தார். ஜமீன்தார் போனார், சபா வந்தது. சபாக் காரியதரிசியின் தயவு இருந்தால் மார்கழியில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு கச்சேரி கிடைக்கும். நாற்காலிகள் மிகுந்த கவனத்துடன் கேட்கும். ரேடியோ வந்தது, அதற்கு ஒரு குரல் தேர்வு, தேறினால் ஒரு 'கிரேடு'. கிராமபோன் கம்பெனி வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சினிமா வந்தது. சினிமா வந்தபின் தமிழ்நாட்டில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு என்று ஆகிவிட்டது. மற்ற எந்தப் பாட்டுக்கும் முன்னால் ஓர் அடைமொழி வைத்தாக வேண்டும்: கர்நாடகப் பாட்டு, பக்திப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு. அடைமொழி வேண்டாத பாட்டு ஒன்றுதான்.

எங்கள் ஜில்லாவின் பம்பைக்காரர்களும் தெருக்கூத்துக்காரர்களும் இந்த வாசல்களில் எதிலும் போய் நின்றவர்கள் அல்லர். அவர்களுக்கு அம்மன் கோயில் வாசல் இருந்தது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தால் கூத்துக்காரருக்கு இத்தனை இரவுகள். பண்டிகையில் சாமி அழைக்கும்போது பம்பைக்காரருக்கு இத்தனை நாழிகை. அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை.

பிறகு இணையம் வந்தது. எல்லா வாசல்களும் ஒரே நாளில் திறந்துகொண்டதுபோல் இருந்தது. கையில் ஒரு செல்போன் இருந்தால் போதும். பென்னாகரத்தில் உட்கார்ந்து பாடுவதை டொராண்டோவில் கேட்கலாம். காரியதரிசி இல்லை, ஆடிஷன் இல்லை, கம்பெனி இல்லை. இனிமேல் திறமைக்குத் தடையே கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் உலகத்தின் மிகப் பெரிய இசைக் கம்பெனிகளின் தலைவர்களே ஒரு மாநாட்டில் சொன்னார்கள்: இணைய இசைத் தளங்களில் நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் பாட்டுகள் புதிதாக ஏறுகின்றனவாம். ஒரு பாட்டு மூன்று நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் பாட்டைக் கேட்டு முடிக்க ஒரு மனிதனுக்கு ஊண் உறக்கமில்லாமல் இருநூறு நாளுக்கு மேல் வேண்டும். அதற்குள் அடுத்த இருநூறு நாள் பாட்டுகள் வந்து குவிந்திருக்கும்! 2024 முதல், ஓர் ஆண்டில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குக் காசு கிடையாது என்று ஸ்பாட்டிஃபை விதி செய்துவிட்டது. வாசல் என்னவோ அடைக்கப்படவில்லை. அகலமாகத் திறந்திருக்கிறது. ஒரு லட்சம் பேர் தினமும் நுழைகிறார்கள். உள்ளே யார் கேட்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி என் வீட்டுக்குள் வந்தது என் தங்கை மகன் மூலமாக. அவன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஷிப்டு முடிந்த நேரத்தில் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் பாட்டுக் கட்டுகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், "மாமா, நான் இப்ப அண்டர்கிரவுண்ட் ஆர்ட்டிஸ்ட்" என்றான். அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "ஏண்டா, போலீஸ் கீலீஸ் தேடுதா?" என்று கேட்டாள்.

அவள் பேரில் குற்றமில்லை. தமிழில் அந்த வார்த்தைக்குத் தலைமறைவு என்றுதானே இத்தனை காலமாகப் பொருள்! சினிமாவிலும் பெரிய கம்பெனியிலும் சேராமல் தானாகவே பாட்டுப் போடுகிறவர்களுக்கு மேல்நாட்டில் அப்படிப் பெயராம். நிலக்கடலையை நினைத்துக்கொண்டேன். பூ மேலே பூக்கிறது. காய் மண்ணுக்குள் காய்க்கிறது. யாராவது குனிந்து பிடுங்கிப் பார்த்தால்தான் உண்டு.

அவன் பாட்டைப் போட்டுக் காட்டினான். இரவு ஷிப்டு முடித்து விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவனுடைய பேச்சு அது. ராகம் பாதி, வசனம் பாதி. எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. கேட்கிற காது மட்டும் உண்டு. முதல் நிமிஷம் சாதாரணமாகத்தான் இருந்தது. இரண்டாவது நிமிஷத்தில் எங்கிருந்தோ பம்பை நுழைந்தது. அதன் பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியவில்லை.

பம்பையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு உருளை மத்தளங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருக்கும். ஒன்று மரம், மற்றொன்று உலோகம். இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியால் வாசிப்பார்கள். மரத்தின் குரல் வேறு, உலோகத்தின் குரல் வேறு. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டே போய், ஓரிடத்தில் சமாதானமாகும். அந்த இடத்தில்தான் பூசாரிக்கு உடம்பு சிலிர்க்கும். என் மருமகன் அதை எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரை வாசிக்கச் சொல்லி, கோயிலின் பின்புறத்தில், செல்போனில் பதிவு செய்திருந்தான். எழுபது வயதைக் கடந்தவர். ஐம்பது வருஷமாக வாசிக்கிறார்.

"எத்தனை பேர் கேட்டிருக்காங்க?" என்று கேட்டேன்.

"ஆறு மாசத்துல இருநூத்திச் சொச்சம் மாமா. அதுல பாதி எங்க கம்பெனிப் பசங்க. கேக்கலைன்னா டீ வாங்கித் தரமாட்டேன்னு சொல்லிட்டேன்."

சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. ஐந்தாறு இணையப் பத்திரிகைகளுக்கு எழுதிப் போட்டிருந்தான். ஓர் இடத்திலிருந்து உடனே பதில் வந்தது. பாட்டு மிகவும் பிரமாதம், குறிப்பிட்ட தொகை கட்டினால் ஒரு வாரத்தில் பாராட்டி எழுதுகிறோம் என்று. பெயர் வேண்டாம். தொகை அவனுடைய பத்து நாள் சம்பளம். பாட்டைக் கேட்டதற்கான அடையாளம் அந்தக் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. "நீங்க எழுத்தாளர்தானே மாமா, ஒரு நல்ல கடிதம் எழுதிக் குடுங்க" என்பதுதான் அவன் வந்த காரியம். எழுதிக் கொடுத்தேன். 'எங்கள் பாட்டைப் புகழ வேண்டாம், முழுவதும் கேளுங்கள். பம்பை வாசித்தவர் பெயரைச் சரியாகப் போடுங்கள்' என்பது அதன் சாரம்.

அவன் எழுதியதில் பாதி எந்த மாதிரிப் பத்திரிகைகளுக்கு என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு விசாரித்துப் படித்தேன். அது ஒரு சுவாரசியமான வம்சாவளி.

அமெரிக்காவில் மினியாபொலிஸ் பக்கத்தில் ரயன் ஷ்ரைபர் என்று ஒரு பையன். கல்லூரிக்குப் போகாதவன், இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவன். 1990-களின் நடுவில் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, புதிய இசைக்குழுக்களைப் பற்றி இணையத்தில் எழுத ஆரம்பித்தான். அதற்குப் பிற்பாடு வைத்த பெயர் 'பிட்ச்ஃபோர்க்'. வைக்கோல் அள்ளுகிற கருவியின் பெயர். பத்துக்கு இத்தனை என்று புள்ளி வைத்து மதிப்பெண் போடுவது அதன் பழக்கம். 2004-இல் கனடாவின் ஆர்கேட் ஃபயர் என்ற குழுவின் முதல் ஆல்பத்துக்கு 9.7 கொடுத்தது. அதுவரை அவ்வளவாகப் பேசப்படாத குழுவின் இசைத்தட்டுக்குக் கடைகளில் தட்டுப்பாடு வந்துவிட்டது.

நம் நாட்டில் இதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்தது. அதுவும் பம்பாயில் அல்ல, கல்கத்தாவில் அல்ல, அலகாபாத்தில்! 1993-இல் அமித் சைகல் என்ற இளைஞர் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். அவரே ஒரு குழுவில் வாசித்தவர். அப்போது பொது ஜனங்களுக்கு இணையம் வரவில்லை, அச்சுப் பத்திரிகை. ஷில்லாங்கிலும் பெங்களூரிலும் கல்லூரிக்குள்ளேயே முடங்கிக் கிடந்த இசைக்குழுக்கள், தம்மைப் போலவே வேறு ஊரிலும் பைத்தியங்கள் இருக்கிறார்கள் என்பதை அதன் மூலம் தெரிந்துகொண்டார்கள். சைகல் 2012-இல், இளம் வயதிலேயே, கோவாவில் காலமானார். இன்றைக்கு ஆங்கிலத்தில் இந்தியாவின் புதிய பாட்டுக்காரர்களைப் பற்றி எழுதும் பல இணையப் பத்திரிகைகளுக்கு அந்த அலகாபாத் பத்திரிகை பாட்டனார் முறை.

தமிழுக்கு இது புதிதா என்றால், இல்லை. கல்கி அவர்கள் ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' பகுதியில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் எழுதவில்லையா? சங்கீதம் தெரிந்தவர்கள் படித்தார்கள். தெரியாதவர்கள் அதைவிட அதிகமாகப் படித்தார்கள். 'இதைக் கேள், இது நன்றாயிருக்கிறது. இது சுமார், இன்ன காரணம்' என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நல்ல ரசிகர் சொல்வது போன்ற எழுத்து. இசைப் பத்திரிகை செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான். வாயிற்காவலன் வேலை அல்ல. உள்ளே போய், 'வெளியே ஓர் அம்மாள் யாழோடு நிற்கிறார், அவருடைய பாட்டு இப்படி இருக்கிறது' என்று சொல்கிற வேலை.

என் கடிதத்துக்கு இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இரண்டே பேர் தங்கள் ஓய்வு நேரத்தில் நடத்துகிற சிறிய பத்திரிகை. அவர்கள் பிரசுரித்தது எட்டு வரி. அந்த எட்டு வரியில் பாதி குறை! குரல் தாழ்ந்து ஒலிக்கிறது. பின்னணியில் விலைக்கு வாங்கிப் போட்ட இயந்திரத் தாளம் அநாவசியம். பம்பை இருக்கும்போது அது எதற்கு என்று கேட்டிருந்தார்கள். பம்பை நுழைகிற இடத்தை விநாடி பிசகாமல் குறிப்பிட்டிருந்தார்கள். மருமகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் இயந்திரத் தாளத்தை எடுத்துவிட்டுப் பாட்டை மறுபடியும் போட்டான். நன்றாக ஆகிவிட்டது. காசு கேட்டவர்களின் 'பிரமாதம்' அவனுக்கு எதையும் கற்றுத் தந்திருக்காது.

அந்த எட்டு வரியில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கடைசி வரியில் பெரியவரின் பெயர் இருந்தது. அவருடைய ஊர்ப் பெயரும் இருந்தது. இரண்டும் எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தன.

மருமகனும் நானும் அவரிடம் போய்ச் சொன்னோம். அவர் செல்போனை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம். தலைகீழாகப் பிடித்தாலும் அவருக்கு ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பேத்தியைக் கூப்பிட்டார். அவள் தடுமாறிப் படித்துக்கொண்டு வந்து, கடைசியில் தாத்தாவின் பெயரைப் பளிச்சென்று உச்சரித்தாள்.

"எம்பேரு மட்டுந்தானா, ஊருப் பேரும் போட்டிருக்கா?" என்றார்.

"போட்டிருக்கு தாத்தா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கோயில் நோட்டீஸ்ல அம்பது வருஷமா வாசிக்கிறேன் தம்பி. 'பம்பை மேளம் உண்டு'ன்னு போடுவாங்க. வாண வேடிக்கை உண்டு, அன்னதானம் உண்டு, பம்பை மேளம் உண்டு. அவ்வளவுதான்" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான்தான் அன்று இரவு, எங்கள் வீட்டில் சேர்ந்து கிடந்த பழைய திருவிழா நோட்டீஸுகளை எடுத்துப் பார்த்தேன். உபயதாரர் பெயர்கள் மூன்று பத்தி நிறைய இருந்தன. மின் விளக்கு உபயம், பந்தல் உபயம், மோர்ப்பந்தல் உபயம் எல்லாம் பெயரோடு இருந்தன. நோட்டீஸ் அடித்த அச்சகத்தின் பெயரும் கீழே இருந்தது. வாசித்தவர் பெயர் இல்லை.

அவர் பெயரை நீ மட்டும் ஏன் இங்கே எழுதவில்லை என்று கேட்பீர்கள். கேட்டுக்கொண்டுதான் எழுதவில்லை. "நீங்க கதை எழுதறவரு. உங்க எழுத்துல வந்தா என்னையும் கதைன்னு நெனச்சுக்குவாங்க. பாட்டுக்குப் பக்கத்துலயே இருக்கட்டும் தம்பி" என்றார். விமர்சகர்கள் பலர் சொல்லத் தெரியாமல் திணறுவதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பெயர் இருக்க வேண்டிய இடம் பாட்டுக்குப் பக்கத்தில்.

1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். அதைக் கேட்டு நம்மவர்கள் வெகு காலம் வேடிக்கையாகப் பேசியிருக்கிறார்கள். அது ஆடம்பரம் அல்ல. அந்தத் தட்டுகள் ஜெர்மனியில் ஹனோவரில் அச்சாயின. அங்கே இருக்கிற தொழிலாளிக்கு எந்தப் பாட்டு யாருடையது என்று எப்படித் தெரியும்? பாட்டிலேயே பெயரைச் சேர்த்துவிட்டால் லேபிள் மாறிப் போகாது. அந்த நாளிலேயே, பாட்டு தன்னை விட்டு வெகு தூரம் போகப்போகிறது, பெயர் வழியில் கழன்று விழுந்துவிடும் என்பது பாடுகிறவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெயர் கழன்று விழுவது நோட்டீஸில் மட்டும் நடப்பதல்ல. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தின் முயற்சி. இசையமைப்பாளர் டென்மா முன்னின்று சேர்த்த குழு. கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. அதில் வெளிப்பட்ட இளைஞர்களில் ஒருவர் அரக்கோணத்துக்காரரான அறிவு. 2021 மார்ச்சில் அவரும் தீ என்ற பாடகியும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அறிவு அதில் எழுதியிருந்தார். சினிமாவில் வராத ஒரு தமிழ்ப் பாட்டைக் கோடிக் கணக்கான தடவை உலகம் கேட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீயின் படமும், ஷான் வின்சென்ட் டி பால் என்ற ஈழத்து வம்சாவளிக் கனடியப் பாடகரின் படமும் வந்தன. இருவரும் புதிய ஆல்பங்களை வெளியிடவிருந்தார்கள் என்பது பத்திரிகை சொன்ன காரணம். ஆனால் அவர்களைப் பற்றிப் பேசும்போது குறிப்பிட்ட பாட்டுகள், அறிவு எழுதிய பாட்டுகளாக இருந்தன. அவர் எங்கே என்று பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார். பலரும் கேட்டார்கள். சில நாட்களில் அறிவின் படத்தோடு இணையத்தில் தனி அட்டை ஒன்று வெளியிடப்பட்டது.

அட்டையில் யார் படம் வந்தால் என்ன என்று நினைக்கக் கூடும். மண்ணில் உழைத்தவர்களின் பெயர் மண்ணோடு போயிற்று என்பதைப் பற்றிய பாட்டு அது. அந்தப் பாட்டை எழுதியவன் பெயரே விட்டுப்போகும்போது, அது அட்டைப்பட விஷயமாக மட்டும் இருக்க முடியுமா? புதியவர்களை அறிமுகப்படுத்துவதற்காகவே நடக்கும் பத்திரிகைக்கு மற்றப் பத்திரிகைகளைவிட இதில் பொறுப்பு அதிகம். சினிமாப் பத்திரிகை ஒரு பெயரை விட்டால் நூறு பேர் ஞாபகப்படுத்துவார்கள். புதியவன் பெயரை விட்டால் ஞாபகப்படுத்த யார் இருக்கிறார்கள்?

பெயரை எழுதி வைப்பதில் எங்கள் சீமைக்குப் பழைய பழக்கம் உண்டு. தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்குப் போனால் நடுகற்களைப் பார்க்கலாம். மாடு பிடிக்க வந்தவர்களோடு போரிட்டு மடிந்தவன், ஊரைக் காத்து மடிந்தவன். அரசனும் அல்ல, சேனாதிபதியும் அல்ல. இன்ன காலத்தில் இன்னான் மகன் இன்னான் பட்டான் என்று கல் பேசுகிறது. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் நடுகல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்; ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முந்தியது. கருந்தேவகத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலே எழுதியிருக்கிறார்கள்!

மாடுகளைக் காத்த நாய்க்குப் பெயர் எழுதிய சீமையில், ஐம்பது வருஷம் அம்மனை அழைத்தவர் 'பம்பை மேளம் உண்டு' என்று ஆகிவிட்டார். இதை எண்ணும்போதுதான், ஓசூர்ப் பையனுக்கு எட்டு வரி எழுதிய அந்த இரண்டு பேர் எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. நடுகல் செத்தவர்களுக்கு. இவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதுகிறார்கள்.

இப்படிச் சொல்வதால் இசைப் பத்திரிகைகள் எல்லாம் தேவலோகத்திலிருந்து இறங்கியவை என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே போய்ச் சொல்ல வந்தவனே நாளாவட்டத்தில் வாயிற்காவலன் ஆகிவிடுவதும், அதற்கும் மேலே போய் அரசனாகிவிடுவதும் உண்டு. ஒரு குழுவை 9.7 போட்டுத் தூக்கிவிட்ட அதே பிட்ச்ஃபோர்க், அதே 2004-இல் டிராவிஸ் மாரிசன் என்ற பாடகரின் ஆல்பத்துக்கு 0.0 போட்டது. பத்துக்குச் சுழி! அதன் பிறகு கடைகளும் கல்லூரி ரேடியோக்களும் அவரைக் கண்டு ஒதுங்கின என்று சொல்கிறார்கள். ஒரு மனிதன் வருஷக் கணக்கில் உழைத்ததை ஒரு புள்ளியும் இரண்டு சுழியும் முடித்துவிடலாம் என்றால், அது ரசனை அல்ல, அதிகாரம். குறை சொல்வது வேறு, கதவைச் சாத்துவது வேறு. என் மருமகனுக்குச் சொன்னது முதல் வகை. அதனால் அவன் பாட்டு சீர்ப்பட்டது.

அந்த அரசர்களின் சிம்மாசனமும் நிலையாக இருப்பதில்லை. பெற்றோர் வீட்டில் பிறந்த பிட்ச்ஃபோர்க்கை 2015-இல் காண்டே நாஸ்ட் என்ற பெரிய பத்திரிகைக் கம்பெனி வாங்கியது. 2024 ஜனவரியில் பலரை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, ஆண்களின் நாகரிகப் பத்திரிகையான 'ஜி.க்யூ.'வின் கீழ் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இசையைப் பற்றி எழுதிப் பிழைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இது போதும். பெரிய பத்திரிகைக்கே இந்தக் கதி என்றால், இரண்டு பேர் நடத்துகிற பத்திரிகை எத்தனை நாள் நடக்கும்? வாசகன் காசு தராவிட்டால், விளம்பரக்காரன் தருவான்; அவனும் தராவிட்டால், பாடுகிற ஏழைப் பையனிடமே கேட்கத் தோன்றும். பத்து நாள் சம்பளம் கேட்ட கடிதம் அப்படித்தான் பிறந்திருக்க வேண்டும். அதை நியாயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அநியாயத்தில், ஒரு காசும் தராமல் எல்லாவற்றையும் படிக்கப் பழகிய நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இன்னும் ஒன்று. பெரியவருக்குத் தம் பெயரைப் படிக்கப் பேத்தி வேண்டியிருந்தது. நான் மேலே சொன்ன பத்திரிகைகளில் கல்கி எழுதியதைத் தவிர மற்றவை எல்லாம் ஆங்கிலம். பம்பை வாசிக்கிறவரும், கானா பாடுகிறவரும், பறை அடிக்கிறவரும் தமிழில் வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றிய விமர்சனம் ஆங்கிலத்தில் வாழ்கிறது. சமையல்காரருக்குப் புரியாத பாஷையில் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது போல! சினிமாவுக்குத் தமிழில் எத்தனை பக்கங்கள் செலவாகின்றன. அதில் நூற்றில் ஒரு பங்கை, சினிமாவுக்கு வெளியே புதிதாகப் பாடுகிறவர்களைப் பற்றி, காசு வாங்காமல், முழுக்கக் கேட்டு, நல்லது கெட்டது சொல்லித் தமிழில் எழுதினால் எப்படி இருக்கும்? கல்கி எழுதியபோது சபாக்கள் திருந்தின என்று சொல்வார்கள். கோயில் நோட்டீஸாவது திருந்தாதா?

கதை படிக்கிற நண்பர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. வாரத்தில் ஒரு பாட்டு. முன்பின் அறியாத ஒருவருடையது. மூன்று நிமிஷம் முழுவதும், பாதியில் தள்ளிவிடாமல் கேளுங்கள். யாருடைய பாட்டு, யார் வாசித்தது என்று பார்த்து, இன்னொருவரிடம் அந்தப் பெயரோடு சொல்லுங்கள். உங்கள் ஊர்த் திருவிழா நோட்டீஸ் அச்சுக்குப் போகும்போது விழாக் குழுவில் நீங்கள் இருந்தால், வாண வேடிக்கைக்கு மேலே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அச்சகத்தில் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கமாட்டார்கள்.